டச்சுக்காரரிடமிருந்து ஒரு தூணை மறைத்தது

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சோற்றில் கைவைக்கும் முன் தூணைப் பார்த்தாக வேண்டும். குளச்சல் கடற்கரைத் திடலில் நிற்கிறதே, திருவிதாங்கூர் ராஜாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கு அடையாளமான வெற்றித்தூண், அதைத்தான் சொல்கிறேன். என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள், என் கல்லூரித் தோழிகள், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்ய வந்தவர் என்று ஒருவரும் தப்பியதில்லை. கூட்டிப்போவது என் மாமா, அம்மாவின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் விசிலடித்தே போன காலத்துக்கெல்லாம் சேர்த்துத் தூணடியில் பேசிக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்கு துபாயில் கட்டட சைட்டில் ஃபோர்மேன் வேலை. அவனுடைய பெரிய மேனேஜர் லீவுக்குக் கோவளம் வந்தவர், பக்கத்தில்தானே, உன் ஊரைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அண்ணனும் லீவில் இருந்தான். அவனுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் மாமனாரின் இரும்புக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மாமனார் ஆணி எடுத்துக் கொடுப்பதற்குக்கூட அறிவுரை சொல்பவர். அண்ணன் அதை நினைத்தே இளைத்திருந்தான்.

மேனேஜரைக் கூட்டிவரப் போனவன் வழியிலிருந்து எனக்கு போன் செய்தான்.

"ஏட்டி, மாமாவ எங்கயாவது அனுப்பு. உடனே அனுப்பு."

"என்னத்துக்கு?"

"சாரு டச்சுக்காரருட்டி! ஹாலந்து! எனக்கு இப்பதான் மண்டையில ஏறுது!"

பிறந்ததிலிருந்து மாமாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவன், இத்தனை வருடம் ஒரு டச்சுக்காரருக்குக் கீழே வேலை பார்த்தவன், இரண்டையும் ஒருமுறைகூடச் சேர்த்து யோசித்ததில்லை. என் அண்ணனின் மூளை அப்படிப்பட்டது. அவன்மேல் எனக்கு எரிச்சலும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாம அவங்கள தோப்பிச்சது அவருக்குத் தெரியுமாட்டி?"

"தெரியாதுபோலம்மா."

"அப்ப நாமளும் சொல்லண்டாம்."

மாமாவிடம், சென்னையிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் ரயிலில் வருகிறார், இரணியல் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவாருங்கள் என்று அம்மா சொன்னாள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், நெடுநெடு உயரம். நிலைப்படியில் இடித்துக்கொண்டு அதற்கும் அவரே மன்னிப்புக் கேட்டார். மீன்குழம்பு ஊற்றி அவர் இரண்டாவது முறை சோறு வாங்கியபோது மாமா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"ஒரு பயலும் எறங்கல்ல," என்றவர் மேனேஜரைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "சோறு போட்டாச்சா? தூணு காட்டுகதுக்கு முன்னயா? நாலு பேரு கேட்டா என்ன நெனப்பான்?"

மேனேஜர் கை கழுவியதும் மாமா அந்தக் கையை விடவே இல்லை. நாங்கள் மூவரும் பின்னால் ஓடினோம்.

திடலில் வழக்கமான கூட்டம். தூணைச் சுற்றி ஆட்டோக்கள், ஒரு ஓரத்தில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கும் பழம்பொரிக் கடை, மறு ஓரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மீன்பிடிக்காரர்கள். மிளகுக்காகக் கப்பல்கள் காத்துக்கிடந்த கரை இது. இப்போது பழம்பொரிக்காக ஆட்டோக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

மாமா தொடங்கினார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. டச்சுக்காரன் கப்பலில் வந்து ஊரைச் சூறையாடினான் என்றார் மாமா. டச்சுக்காரர்கள் கப்பலில் வந்தார்கள், ஊர் மிகவும் பிடித்துப்போயிற்று என்றேன் நான். மேனேஜர் மகிழ்ந்து தலையாட்டினார். ராஜாவின் படை வந்து வளைத்துக்கொண்டது என்றார் மாமா. ராஜா ஆட்களை அனுப்பி வரவேற்றார் என்றேன். அதற்குமேல் என் கையில் இல்லை. மாமா வாயாலேயே பீரங்கி வெடித்து, குண்டடிபட்ட டச்சுக்காரனாக மணலில் விழுந்து காலை உதறினார். பிறகு எழுந்து, பிடிபட்ட டச்சுத் தளபதியாக இரண்டு கைகளையும் தூக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, "டச்சு ஃபுல் சரண்டர், சார்!" என்றார்.

மேனேஜர் தன் நெஞ்சையே விரலால் தொட்டு, "நாங்களா?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்படித் தோற்றோம்?" என்றார் அவர்.

மாமாவுக்கு அது போதுமே! ராஜாவிடம் ஆள் குறைவு. அதனால் மீன்பிடிக்காரர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக் கரைநெடுக வரிசையாக நின்றார்கள், டச்சுக்காரர்கள் பெரிய படை என்று பயந்துபோனார்கள் என்று இங்கே சொல்வார்கள். மாமா கைதட்டியதும் வலையை விட்டு எழுந்தவர்கள் துடுப்போடு வரிசையில் நின்றார்கள். எங்கள் வீட்டு விருந்தாளிகளால் அவர்களுக்கு நல்ல பழக்கம். மேனேஜர் அலை வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

சட்டென்று சிரிப்பு நின்றது. மெதுவாக நடந்து வந்து அண்ணன் முன்னால் நின்றார்.

"நான் ஜீப்பில் சைட்டுக்கு வரும்போதெல்லாம் உன் ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்களே, அதில் உன் ஆட்கள் எத்தனை பேர்?"

அண்ணன் கடலைப் பார்த்தான். "ஆள் குறையும்போது பக்கத்து சைட் பையன்களும் கொஞ்சம் பேர், சார்," என்றான்.

"என்னட்டி சொல்லுகாரு? கையெழுத்து போடுவாரா மாட்டாராண்ணு கேளு," என்று அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். கேட்டேன். அவர் மாமாவைப் பார்த்து, "பிடிபட்ட எங்கள் தளபதியை உங்கள் ராஜா என்ன செய்தார்?" என்றார்.

"கொல்லல்ல சார். நம்ம படையவே அவனிட்ட குடுத்தாரு. சாவுகது வரைக்கும் அவன்தான் படிப்பிச்சான்," என்றார் மாமா. அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

மேனேஜர் தூணைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, கையெழுத்துப் போடுவதாகவும், இனி எல்லா சைட்டுகளிலும் ஆள் எண்ணிச் சரிபார்க்கும் வேலை அண்ணனுக்குத்தான் என்றும் சொல்லி அவனுக்குக் கைகொடுத்தார். இந்த வித்தையை இவன் கண்ணில் மண்ணைத் தூவி ஒருவனும் செய்ய முடியாதாம்.

அம்மா அழுதே விட்டாள். மாமா துடுப்புக்காரர்களுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்து ஊருக்கு இன்னொரு வெற்றி என்று அறிவித்தார். அண்ணனின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை; இனி அவன் சைட்டிலும் இரவல் ஆள் நிற்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா அவனிடம் போனாள்.

"என்னல மக்கா, வேலதான் கெடச்சாச்சே. ஜெயிச்சது நாமதானே?"

"இல்லம்மா," என்றான் அண்ணன். "இந்தத் தடவ டச்சுக்காரன்தான்."