எப்போது போகிறாய் என்று கேட்காத ஒரே இடம்

2009-ஆம் வருடம், சித்திரை மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். விருத்தாசலம் கடலூர் ரோட்டில் செருப்புக்கடை ஒன்றின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு மூன்று வருடம் கழித்துப் போனேன். துபாய்க்குப் போன என் அண்ணனிடமிருந்து போன் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அங்கே கட்டட வேலையெல்லாம் நின்றுபோய் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அண்ணனின் நம்பருக்குப் போட்டால் அரபியில் ஒரு பெண் பேசினாள். அவனை அனுப்பிவைத்த மங்கலம்பேட்டை ஏஜெண்டைப் பார்க்க அப்பா ஓயாமல் பஸ் ஏறினார். விசாரிக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அந்த மனிதர். அம்மா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போய்விடுவாள். எனக்குப் போக ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

அண்ணன் ஊரில் இருந்தபோது பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இந்த சென்டருக்கு வருவான். பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகக் கூடாத இடம் என்று அம்மா அதற்கு முத்திரை குத்தியிருந்தாள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, காடு மலையெல்லாம் சுற்றிச் சண்டை போடும் விளையாட்டு அது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு மணி நேரம்தான் என்பதால் ஒரே கணக்கு, ஒரே வேஷம். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு வைத்தியச்சி. சண்டையில் அடிபட்டவர்களைக் குணப்படுத்துவது அவள் வேலை. பாதி நேரம் நான் அவளாக இருப்பேன், பாதி நேரம் அண்ணன் அவளாக இருப்பான்.

மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று பல ஊர்த் தமிழர்கள் சேர்ந்த ஒரு குழுவில் அவளும் ஒருத்தி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித்தான் பேசிக்கொள்வோம். குழுவுக்குத் தலைவி பினாங்கில் இருந்த ஒரு அக்கா. அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். வைத்தியச்சி உள்ளே வந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு அண்ணனா, தங்கச்சியா?" என்பதுதான். அண்ணன் தட்டினால் எல்லாம் பெரிய எழுத்தாக வரும், அதனால் பதில் சொல்வதற்குள் கண்டுபிடித்துவிடுவார். அண்ணன் துபாய் போனதும் என் விளையாட்டும் நின்றது. துணைக்கு வர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு எதற்காகப் போனேன் என்று கேட்டால், அவனும் நானும் சேர்ந்து செய்த ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவன் மறந்திருக்க மாட்டான் என்ற நப்பாசையும் இருந்தது. கணக்கின் பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

உள்ளே போனதும் திகைத்துப்போனேன். வைத்தியச்சி ஒரு குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் கழுதைகூட இருந்ததில்லை. குழுவில் அவள் பெயர் அப்படியே இருந்தது. அக்காவும் இருந்தார். அண்ணனா தங்கச்சியா என்ற அதே கேள்வி. தங்கச்சி என்றதும் எத்தனை வருஷமாச்சும்மா, சாப்பிட்டியா என்றார். நான் குதிரையைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டில் கொஞ்ச நாளைக்கு ஒரு குதிரையும் மருந்துக் கூடையும் கொடுத்து வரவேற்பார்களாம். போன மாதம் உன் அண்ணன் வந்தபோது கிடைத்தது, நேற்றுகூட வந்தாரே என்றார்.

எங்கே இருக்கிறான் என்று தட்டி முடிப்பதற்குள் திரை இருண்டது. உங்கள் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார்கள் என்று வந்தது.

அவன்தான். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அவன் உட்கார்ந்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுதால் சென்டர்காரர் ஓடி வந்துவிடுவார்.

மறுபடி உள்ளே போனேன். நான் போனால் அவன் வெளியே விழுவான், அவன் வந்தால் நான் வெளியே விழுவேன், கணக்கு ஒன்றுதானே. நெட் சரியில்லை என்று நினைத்து அவன் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். புதிதாக வேறு கணக்கு தொடங்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அக்காதான் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுக் கேட்டார், என்னம்மா, அண்ணனும் தங்கச்சியும் ஒரே கதவைப் பிடிச்சு இழுக்கிறீங்களா என்று. நான் ஒரே மூச்சில் விஷயத்தைக் கொட்டினேன். அவனிடமிருந்து தகவலே இல்லை, அம்மா சாப்பிடுவதில்லை, எங்கே இருக்கிறான் என்று கேட்டுச் சொல்லுங்கள், நான் அரை மணி நேரம் வெளியே இருக்கிறேன், அவன் வரட்டும்.

அந்த அரை மணி நேரத்தை மின்விசிறியைப் பார்த்தபடியே ஓட்டினேன். திரும்பிப் போனபோது அண்ணன் எனக்கு இடம் விட்டு வெளியே போயிருந்தான். அக்கா சொல்லச் சொல்லப் படித்தேன். அவன் வேலை போய் இந்தியா வந்தே இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். சென்னையில் நண்பர்கள் ரூமில் இருக்கிறான். விளையாட்டுக்கு வந்தாலும் சண்டைக்கெல்லாம் போவதில்லை, ஊர் வாசலில் குதிரையோடு சும்மா நிற்கிறான். ஏன் என்று கேட்டதற்கு இங்கேதான் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றானாம். கடைசியாக அக்கா தட்டியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"வூட்டுக்கு வர்றேன்னு சொல்லச் சொன்னாரும்மா. ஆனா எப்ப போறன்னு யாரும் கேக்கக் கூடாதாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து யார் வந்து இறங்கினாலும் 'எப்ப வந்த, எப்ப போற' என்று இரண்டையும் சேர்த்தேதான் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள். கெட்ட எண்ணமே கிடையாது. போவதற்குள் ஒரு வேளை சாப்பிடக் கூப்பிட வேண்டும், அங்கே இருக்கும் தன் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும், அதற்காகத்தான். ஆனால் போவதற்கு இடமே இல்லாமல் வந்தவன் அதற்கு என்ன பதில் சொல்வான்? அதற்குப் பயந்துதான் ரயிலேறினால் சில மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் இரண்டு மாதம் ஒளிந்திருந்தான்.

வீட்டில் சொன்னதும் அம்மா அழுதாள், பிறகு சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அப்பாவோ போர்க்கால நடவடிக்கையில் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், முடிவெட்டுபவர் என்று ஒருவர் விடாமல் போய், அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தார். சேத்தியாத்தோப்பு மாமா இருக்கிறாரே, அவருக்கு வாய் நிற்காது. அவரைப் போனில் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு நீங்க இந்தப் பக்கமே வராதீங்க என்று நேராகவே சொல்லிவிட்டார். மாமா அந்தக் கோபத்தை ஒரு வருஷம் வைத்திருந்தார்.

அண்ணன் வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். வாசலில் அப்பா "வாப்பா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். வேறு எதையாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் உதட்டை இறுக்கி மூடியிருந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அடுத்த சில நாட்கள் மாதிரி எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் தூங்கினான், சாப்பிட்டான், ஆடிக்கொண்டிருந்த கதவைச் சரிசெய்தான். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் நல்லாருக்கியா என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியை முழுங்கிக்கொண்டு அவசரமாகப் போனார்கள். அப்பாவின் ஏற்பாடு அவ்வளவு பலமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பழையபடி சென்டருக்குப் போனோம். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்துகொண்டு உள்ளே போனதும் அக்கா கேட்டார், அண்ணனா தங்கச்சியா என்று. ரெண்டு பேரும் என்று அண்ணன் பெரிய எழுத்தில் தட்டினான். குழுவே திரண்டு வந்து வாசலில் எங்களைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஆடியது. குதிரைக்குத் தவணை முடிந்து அது மறைந்துபோயிருந்தது. போனா போவுது பாப்பா, நடந்து போலாம் என்று அண்ணன் சிரித்தான்.

ஊரிலேயே ஏதாவது பார்க்கலாமா என்று வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டான். பீங்கான் கம்பெனி ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்றான். நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து நான் வந்தபோது வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசம். சித்திரை மாதம் அம்மா மாங்காய் ஊறுகாய் போடுவதும் மாடியில் வடகம் காயவைப்பதும் வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ஜாடியிலிருந்து ஊறுகாயை எடுத்து பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பியிருந்தாள். வாயில் பாலிதீன் பை, அதன்மேல் ரப்பர் பேண்டு, அதன்மேல் டேப். பருப்புப் பொடி ஒரு பாட்டில், கருவேப்பிலைப் பொடி ஒரு பாட்டில். எல்லாவற்றையும் அப்பாவின் பழைய லுங்கியில் சுற்றி, கூடத்து அலமாரியில் அடுக்கியிருந்தாள். விமானத்தில் எண்ணெய் கசியாமல் கட்டுவதில் எங்கள் தெருவிலேயே அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள்மேல் பிரியம் என்றால் அது இப்படித்தான் இருக்கும்.

அண்ணன் அந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு பாட்டிலை எடுத்து, டேப்பைத் தடவிப் பார்த்து, திரும்ப வைத்தான்.

ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான். "சென்னையில ஒரு வேல இருக்குதும்மா. வியாழக்கெழம போயிட்டு வரேன்."

அம்மாவின் முகம் வாடியது. ஆனாலும், நல்லவேளை எல்லாம் கட்டி வைத்தேன் என்றாள். வியாழக்கிழமை அந்த மூட்டையோடுதான் அவன் ரயிலேறினான். பீங்கான் கம்பெனியைப் பற்றி நான் ஸ்டேஷனில் ஞாபகப்படுத்தியபோது, அது சரிவராது பாப்பா என்று என் தலையில் கை வைத்துவிட்டு ஏறிக்கொண்டான்.

என்ன ஆயிற்று என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டேன். யாராவது கேட்டுவிட்டார்களா என்று அப்பா தெருத்தெருவாக விசாரித்தார். ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே சென்டருக்குப் போனேன், அம்மாவும் தடுக்கவில்லை. அக்காதான் சொன்னார். முந்தின நாள் அண்ணன் விளையாட்டுக்கு வந்திருந்தானாம்.

"அம்மா வாயத் தொறந்து கேக்கல. ஆனா கட்டி வெச்சிட்டாங்க. அப்புறம் எப்பிடி இருக்கிறதுன்னு சொன்னாரும்மா."

அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. என்றைக்குப் போனாலும் கடைசி நேரத்தில் பிள்ளை வெறுங்கையோடு போய்விடக் கூடாதே என்றுதான் அவள் கட்டினாள். அவனை அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. இதை அவனுக்கு நான் போனில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா பாப்பா என்பான். தெரிந்தும் அவன் வரவில்லை. "நான் ஒரு வார்த்த கேக்கலியே, பாத்தியா" என்று அம்மா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்த விளையாட்டை நடத்தியவர்கள் சில வருடத்தில் அதை மூடிவிட்டார்கள். அக்காவோடும் தொடர்பு போய்விட்டது. கம்ப்யூட்டருக்குள் போய் நேரத்தைக் கெடுக்கிறார்கள் என்று யாராவது பேசினால் நான் வாயைத் திறப்பதில்லை. என் அண்ணன் திரும்பி வந்தபோது, வா என்பதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் வரவேற்ற ஒரே இடம் அதுதான். நாங்கள் அதைவிடப் பல மடங்கு ஆசையாக வரவேற்றோம், ஆனாலும் அவனால் தங்க முடியவில்லை.

அண்ணன் கல்யாணமாகிச் சென்னையிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். அவன் வருகிற நாளில் பாட்டில், டேப், பழைய லுங்கி எதுவும் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுகிறேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால், யாரும் கேட்காமலேயே, புதன்கிழமை போறேன் பாப்பா என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் உள்ளே வரும் ஒரு நாளுக்காகத்தான் நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.