மொட்டைமாடியில் காய்ந்த இலைகள்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நான் அத்தையின் ஆராய்ச்சியைக் கெடுத்தேன்.

அப்பாவின் தங்கையான அத்தை, போத்தனூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஊட்டிக்கு மேலே புல்வெளியில் வளரும் ஒரு சின்னச் செடிதான் அவருடைய பாடம். கீழ்ச் சரிவில் முழங்கால் உயரம் வளரும் அது, உச்சிக்குப் போகப் போகக் குள்ளமாகி, இலை தடித்து, பூனைக்குட்டி மாதிரி ரோமம் போர்த்திக்கொள்ளுமாம். அத்தை இலையை அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன்.

அதில் பீனாலிக் சத்து இருப்பதாக அவர் சொன்னதும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது குளியலறை கழுவும் பினாயில்தான்.

"அதில்ல கண்ணு," என்று அத்தை சிரித்தார். "இரும்பு துருப்பிடிக்குதல்ல, அந்த மாதிரி உடம்பு கெட்டுப்போகாமக் காப்பாத்தற சத்து. உச்சியில வெயிலும் குளிரும் ஜாஸ்தி. தாங்கோணுமல்ல? அதனால அங்கிருக்கற செடி நெறையாச் செஞ்சு வெச்சுக்குது."

வெயிலால் கூடுகிற சத்து, இன்னும் வெயில் காட்டினால் இன்னும் கூடும்தானே? மறுநாள் அத்தை காலேஜுக்குக் கிளம்பியதும், மாடி அறை நிழலில் செய்தித்தாள் மேல் பரப்பியிருந்த இலைகளை அள்ளிக்கொண்டு போய், மொட்டைமாடியில் அம்மாவின் வடகத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். சாயங்காலம் அத்தை வந்தபோது இலைகள் பழுப்பேறி நொறுங்கிக் கிடந்தன. எது உச்சி இலை, எது சரிவு இலை என்று குறித்த சீட்டுகள் காற்றில் பறந்துவிட்டிருந்தன.

அத்தை திட்டவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அழுதது நான்தான்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு குடும்பத்தில் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்: "அம்மணி, அவங்க தேதி கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"எலையெல்லாம் வீணாப் போச்சுங்ணா. மறுபடியும் மொதல்ல இருந்து செய்யோணும். ஒரு வருசம் ஆகுமுங்க."

அவர்கள் ஒரு வருஷம் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே வேறு பெண் பார்க்கப் போய்விட்டார்கள். "நல்ல எடத்தைக் கெடுத்துப்போட்டியேடி!" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மாதமே அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். காலெடுத்து வைக்கிற இடமெல்லாம் அந்தச் செடிதான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பை நிறைந்துவிட்டது. இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் காற்று அடிக்க, அத்தை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். வீட்டில் ஒருநாளும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

"இன்னும் ஒரு வருசம் ஆகுமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆகட்டுமே கண்ணு," என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நான் வருத்தப்படக் கூடாதென்று அத்தை சிரித்து நடிக்கிறார் என்று நினைத்து, அவர் மடியில் முகம் புதைத்து மேட்டுப்பாளையம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.