பிக்கரிங்கிலிருந்து வந்தவர்கள் பார்த்த ஆட்டம்

என் மாமா சம்பளத்துக்கு ரக்பி விளையாடினார் என்பதை எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப்பேர் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவின் ஒரே தம்பி அவர். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் இருந்தார். அப்படி ஒன்றும் பெரிய உயரமில்லை. ஆனால் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. அவர் படியேறி வரும்போது குசினியில் பீங்கான்கள் மெல்லக் கிணுகிணுக்கும்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. மாமா ஆடியது பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். பள்ளிக்கூடத்தில் மற்ற வகையைத் தொடங்கி, யாரோ ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டு, இருபது வயதில் இங்கிலாந்தின் வடக்கே மழை விடாத ஒரு சிறிய ஊருக்குப் போனார். பல வருடங்கள் அங்கேதான் விளையாட்டு. பிறகு ரொறன்ரோவில் ஓர் அணி தொடங்கினார்கள் என்றதும் முதல் ஆளாகத் திரும்பி வந்தார். அந்த அணியில் பெரும்பாலானோர் இங்கிலாந்துக்காரரும் அவுஸ்திரேலியரும். எங்கள் நகரத்தின் அணியில் எங்கள் நகரத்தில் வளர்ந்த ஆட்கள் மாமாவும் இன்னும் ஓரிருவரும்தான். அது அவருக்குப் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை.

அம்மாவுக்கு மட்டும் அதைச் சொல்வதில் சங்கடம் இருந்தது. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால், “தம்பி ஸ்போர்ட்ஸ் மனேஜ்மென்ற்றில இருக்கிறான்” என்பார். மாமாவுக்கு முப்பது வயது தாண்டியபோது அந்த மனேஜ்மென்ற் இன்னும் ஒரு படி உயர்ந்தது. அப்படி உயர்ந்த நிலையில்தான் பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஒரு குடும்பம் மாமாவின் கலியாணப் பேச்சுக்கால் விஷயமாக வீட்டுக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முதல்நாள் ஆட்டத்தில் மாமாவின் மூக்கு உடைந்திருந்தது. மூக்குக்குக் குறுக்கே பிளாஸ்ரர், ஒரு கண்ணைச் சுற்றி நாவற்பழ நிறம். அம்மா தன்னுடைய பவுடரை எடுத்து அந்தக் கண்ணில் பூசினார். மாமா குனிந்து, பொறுமையாகப் பூச விட்டார். பூசி முடிந்ததும் நேரே குளியலறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். தகப்பன் கணக்காளர், கதிரையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாய் அம்மா பொரித்து வைத்த பற்றிஸைப் புகழ்ந்தார். மகள் ஒஷாவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சத்திர சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கைகால்களைத் திரும்ப அசைக்கப் பழக்குவதுதான் அவருடைய வேலை என்று அம்மா எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்.

“தம்பி என்ன வேலை செய்யிறீர்?” என்று தகப்பன் கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே மாமா சொன்னார். “ரக்பி லீக் விளையாடுறன், அங்கிள்.”

“நல்லது. உடம்புக்கு நல்லது. வேலை எங்க?”

“அதுதான் வேலை.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். கணக்காளர், “உது எவ்வளவு காலத்துக்கு?” என்றார்.

“உடம்பு விடுமட்டும். இன்னும் கொஞ்சக் காலம் ஆடுவன். பிறகு சின்னப் பிள்ளையளுக்குப் பழக்குவன். எனக்கு இது நல்லாத் தெரியும், அங்கிள்.”

மாமா அதைச் சொன்ன விதத்தில் கெஞ்சலும் இல்லை, வீம்பும் இல்லை. தச்சுவேலை தெரியும் என்று ஒரு தச்சர் சொல்வதுபோலச் சொன்னார். அப்போது மகள் கேட்டார்.

“எந்த இடத்தில ஆடுறனீங்கள்?”

“முன்வரிசை. பந்தை வாங்கிக்கொண்டு நேர உள்ளுக்கு இடிக்கிறது.”

“மூக்கு நேற்று உடைஞ்சதோ?”

“ஓம். வாற சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கு. வந்து பாருங்கோவன்.”

அவர்கள் போன பிறகு அம்மா பற்றிஸ் தட்டை மேசையில் வைத்த சத்தம் பேஸ்மென்ற் வரைக்கும் கேட்டிருக்கும். “இனி அதுகள் வராதுகள்” என்றார். மாமா மிச்சமிருந்த பற்றிஸை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே, “வருவினம், அக்கா” என்றார்.

வந்தார்கள். தகப்பன் முழுக்கைச் சட்டையோடும், தாய் குடையோடும், மகள் ஒரு தொப்பியோடும். அம்மா அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. தம்பி அடிவாங்குவதைக் காசு கொடுத்துப் பார்க்க மாட்டேன் என்பது அவர் கட்சி. அன்று வேறு வழியில்லை. மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னை அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆட்டத்தை விளக்கும் பொறுப்பு எனக்கு.

எனக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. பந்தை முன்னே எறியக் கூடாது, பின்னேதான் கொடுக்கலாம் என்றேன். ஆறு தடவை பிடித்து விழுத்தினால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும் என்றேன். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் அதற்குப் பெயர் ட்ரை, நாலு புள்ளி என்றேன். எங்களுக்குப் பின்னால் இருந்த கணக்காளர், “ஊரில விளையாடின கிளித்தட்டு மாதிரித்தான் கிடக்கு. ஆனால் தொட்டாப் போதாது, கொல்லவேணும் போல” என்றார்.

மாமா பந்தை வாங்கினார். மூன்று பேர் நின்ற இடத்துக்கு நேரே ஓடினார். மூன்று பேரும் அவரை மடக்கி விழுத்தினார்கள். எழும்பினார், பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பந்தை வாங்கினார். திரும்ப அதே மாதிரி மூன்று பேர். அம்மா கண்களை மூடிக்கொண்டார். கணக்காளர் என் தோளைத் தட்டினார்.

“பிள்ளை, உவர் ஏன் ஆக்கள் நிக்கிற இடத்துக்கே போறார்? பக்கத்தில எவ்வளவு இடம் கிடக்குது.”

அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன நான், “மாமாவுக்கு அப்பிடித்தான் விருப்பம்” என்று சமாளித்தேன். மாமா ஒரு தடவையாவது ட்ரை போட்டுவிட வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். போட்டால் அந்த அங்கிளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது புள்ளிகள் சமமாக இருந்தன. எங்கள் அணி கோட்டுக்கு மிகக் கிட்டே வந்துவிட்டது. பந்து மாமாவிடம் வந்தது. நான் கதிரைமேல் ஏறி நின்றேன். மாமா இடது தோளைக் கொடுத்து ஓடினார். எதிரணியில் இரண்டு பேர் இரண்டு பக்கத்திலுமிருந்து அவர்மேல் பாய்ந்தார்கள். விழுந்தாலும் கோட்டைத் தாண்டித்தான் விழுவார் என்று எனக்குத் தோன்றிய அந்தக் கணத்தில், அவர் பந்தைப் பக்கவாட்டில் பின்னால் ஓடிவந்த ஓர் இளம் ஆட்டக்காரனிடம் தட்டிக்கொடுத்தார். பந்து கையை விட்டுப் போன பிறகுதான் அந்த இரண்டு பேரும் மாமாமேல் மோதினார்கள். இளைஞன் யாருமே தடுக்காமல் நடக்காத குறையாக உள்ளே போய்ப் பந்தை வைத்தான். மைதானம் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. மாமா புல்லில் கிடந்தார். பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்ல எழும்பினார்.

வென்றுவிட்டோம். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரமாக வந்த மாமாவிடம், எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். “ஏன் குடுத்தனீங்கள்? யூ வேர் ரைட் தேர்.”

மாமா சிரித்தார். பதில் சொன்னது அந்த அக்கா. “ரெண்டு பேரும் இவரைப் பிடிக்க வந்தபடியாத்தான் மற்றவருக்கு வழி கிடைச்சது. அவை ரெண்டு பேரையும் இவர்தான் கூப்பிட்டவர்.”

கணக்காளர் மகளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மாமாவிடம், “நோகேல்லையோ, தம்பி?” என்றார்.

“நோகும், அங்கிள். நாளைக்கு இன்னும் நோகும்.”

பெரியவர்கள் கார் நிறுத்திய பக்கமாக நடந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். மாமாவும் அந்த அக்காவும் மட்டும் வேலியடியில் நின்று கதைத்தார்கள். வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோது மாமா இடது கையை மெல்லத் தூக்கினார். தோள் மட்டத்தில் கை நின்றுவிட்டது. எனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ட்ரை போடாத வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே அந்த அக்கா வந்ததும் அவரைத் தனியே பிடித்து, “அடுத்த மட்ச்சில கட்டாயம் போடுவார். நோ எண்டு சொல்லாதேங்கோ” என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரிக்காமல், “ஓம், சொல்லமாட்டன்” என்றார்.

அடுத்த வசந்தத்தில் கலியாணம் நடந்தது. அதை ஒப்பேற்றியவள் நான்தான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கலியாணத்துக்கு முன்னான குளிர்காலத்தில் மாமாவின் தோளில் சத்திர சிகிச்சை நடந்ததும், மாமியாகப் போகிற அந்த அக்கா அவர் கையைப் பழக்கி எடுத்ததும், அதன் பிறகு அவர் இன்னும் மூன்று பருவங்கள் ஆடியதும் எனக்கு வேறு வேறு கதைகளாகவே இருந்தன. கணக்காளர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கும் வேலையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

மாமா இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். போன வருடம்தான் மாமி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்று வேலியடியில் தான் மாமாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “இடது கையை மேல தூக்குங்கோ பாப்பம்.” மாமா சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். பிறகு தூக்கிக் காட்டினார். அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேலே போகாது என்பதை அணியின் பயிற்சியாளருக்கோ, ஒரே வீட்டில் இருந்த தன் அக்காவுக்கோ அவர் அதுவரை காட்டியிருக்கவில்லை.