என் வயது ஜூனியர் பெஞ்சில்

எங்கள் பக்கத்தில் யாருடைய பிறந்த தேதியையும் நம்பக்கூடாது. பிள்ளையைச் சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடும் அவசரத்தில் அப்பாக்கள் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிடுவார்கள். அதனால் பாறசாலையைச் சுற்றியுள்ள கிறிஸ்தவ சபைகளுக்கிடையே பேஸ்பால் போட்டி வைத்தபோது, பன்னிரண்டு வயதுக்குள் யார், அதற்கு மேல் யார் என்று பிரிக்கச் சான்றிதழ் கேட்பதில்லை என்று முடிவானது. ஞாயிறு பள்ளியில் பிள்ளை ஜூனியர், சீனியர் என்று எந்த வகுப்பில் உட்காருகிறதோ, அதுதான் வயது. இந்த அரிய யோசனை, ஞாயிறு பள்ளியின் தலைவராக இருந்த என் பெரியப்பாவுடையது.

அதில் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். முந்தின வருஷம் நீளமான ஒரு சங்கீதத்தைப் பிசகாமல் ஒப்பித்ததற்காக எனக்கு டபுள் புரமோஷன் கொடுத்து, பத்து வயதிலேயே சீனியர் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். கூடவே ஒரு எவர்சில்வர் தட்டு பரிசு. அம்மா அதில் யாரையும் சாப்பிட விடாமல் ஷோகேஸில் நிறுத்தி வைத்திருந்தாள்.

பேஸ்பாலை எங்களுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா. யூடியூபைப் பார்த்துப் படித்து, சபை மைதானத்தில் பழைய ரப்பர் ஷீட்டுகளை நான்கு மூலைக்கும் போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். வெயில் ஏறினால் ஷீட்டு நாறும். ஜூனியரில் பையன்களும் பெண்களும் ஒன்றாக விளையாடினோம். பந்தை எறிவது நான். என் பந்தை அடிக்க முடியாமல் மட்டையைக் கீழே போட்டு அழுத பையன்கள் உண்டு. அதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

போட்டி நெருங்கியபோது சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“மக்கா, நீ இனி ஜூனியர்ல எறிய முடியாது கேட்டியா. அண்ணனுக்க ரூலாக்கும்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சீனியரில் சேர்த்தால் வெளியே போகிற பந்தைப் பொறுக்கத்தான் விடுவார்கள் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“எப்பிடியும் நிறுத்தப்போறதுதானே. ஒரு வருசம் முன்னால நிறுத்தினா என்ன குறைஞ்சு போவும்?”

எதை நிறுத்தப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தட்டு வாங்கிய பெருமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக ஜூனியர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் பெரியப்பா வந்தார்.

“உனக்க கிளாஸ் அங்கயாக்கும். எழும்பு.”

“எனக்க வயசு இங்கயாக்கும்.”

மொத்த ஞாயிறு பள்ளியும் திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவை எதிர்த்து எங்கள் வீட்டில் பெரியவர்களே பேசுவதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“புரமோஷன் தந்தாச்சு. பிரைசும் வாங்கியாச்சு. இனி கீழ இறங்க முடியுமா?”

பிரைஸ்தான் தடையென்றால் அதைத் தீர்த்துவிடலாமே. வீட்டுக்கு ஓடினேன். ஷோகேஸைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு, பின்னால் அம்மா கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வந்து, பெரியப்பாவின் மேசையில் டங்கென்று வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சித்தப்பா வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“இருந்து தொலை” என்றார் பெரியப்பா.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

போட்டியன்று அம்பூரிப் பக்கத்துச் சபையோடு ஆட்டம். “எறி மோளே!” என்று யாரோ மலையாளத்தில் கத்த, நான் எறிந்தேன். அவர்களுடைய கடைசிப் பையன் காற்றை அடித்துவிட்டு நின்றான். நாங்கள் ஜெயித்தோம். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். இறக்கிவிடும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஜெயித்த நாளில் எதற்கு அழுகிறார் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அடுத்து சீனியர்கள் இறங்கினார்கள். நான் எல்லைக் கோட்டுக்கு அருகில் போய் நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டு அணியிலும் ஒரு பெண்கூட இல்லை. பாவம், என்னைப்போல எறியத் தெரிந்த பெண் இவர்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது, வயதானதும் நானே வந்து எறிந்து கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.