சிவக்காமல் போன வரிசை

கள்ளக்குறிச்சியில், வலிப்பு நோய்க்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைக் கம்ப்யூட்டரில் பதிவதும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. நோயாளிகளின் பட்டியல் ஓர் எக்செல் கோப்பில் இருந்தது. எனக்கு முன்பு இருந்த நர்ஸ், செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு அதை உருவாக்கியிருந்தார். பிறகு கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டார்.

கோப்பைத் திறந்தாலே, மேக்ரோக்களை அனுமதிக்கலாமா என்று ஒரு மஞ்சள் பட்டை கேட்கும். மேக்ரோ என்பது கோப்புக்குள் இருந்துகொண்டு தானாக வேலை செய்யும் சிறு நிரல். அனுமதித்தால், எப்போதோ தூக்கிப் போட்ட பிரின்டரைத் தேடிவிட்டுக் காணவில்லை என்று இரண்டு முறை பிழை காட்டும். ஒருநாள் டாக்டர், "இந்த ஃபைல மெயில்ல அனுப்பினா, மேக்ரோ இருக்குன்னு திரும்பி வந்துடுதும்மா. உள்ள இருக்கிற பழைய குப்பையெல்லாம் எடுத்துடு" என்றார்.

எடுத்தேன். உள்ளே ஏழெட்டு மேக்ரோக்கள் இருந்தன. முதல் இரண்டை மட்டும் படித்தேன். இரண்டும் பிரின்டர் சமாச்சாரம். மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மஞ்சள் பட்டை போயிற்று. டாக்டர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாத்திரை வாங்க வராதவர்களின் வரிசை அந்தப் பட்டியலில் தானாகச் சிவப்பாகும். அதைப் பார்த்துத்தான் நான் ஃபோன் செய்வேன். அதுவும் ஒரு மேக்ரோவின் வேலை என்று எனக்குத் தெரியாது. ஏற்கெனவே சிவந்திருந்த வரிசைகள், ஆள் வந்து மாத்திரை வாங்கிப் போன பிறகும் சிவப்பாகவே நின்றபோது லேசாக உறுத்தியது. கையாலேயே நிறத்தை மாற்றிவிட்டேன். கொஞ்ச நாளில் பட்டியல் முழுக்க வெள்ளை. எல்லோரும் ஒழுங்காக வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வெள்ளிமலைப் பக்கம் ஊர் ஊராகப் போய்வரும் எங்கள் பணியாளர் ஃபோன் செய்தார். மலையில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "அந்தக்கா வலிப்பு வந்து அடுப்பாண்ட வுழுந்துட்டாங்க மேடம். வலது கை வெந்துபோச்சி. ரெண்டு மாசமா மாத்திரையே வாங்கலியாம். நீங்க ஃபோன் பண்லியா?" என்றார்.

பழைய பிரதி ஒன்று பென்டிரைவில் இருந்தது. அதைத் திறந்து, படிக்காமல் விட்டவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்தாவதின் தலைப்பில் நர்ஸ் ஆங்கில எழுத்துகளில் தமிழாக எழுதியிருந்தார்: இதை எடுக்காதீங்க, வராதவங்களை இதுதான் காட்டும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மொதல்ல மத்தவங்களப் பாரு" என்றார். திட்டியிருக்கலாம். தேதிகளைப் பார்த்ததில், இன்னும் ஆறு பேர் வராமல் இருந்தார்கள். ஐந்து பேர் ஃபோனில் கிடைத்தார்கள். ஒருவருக்கு வடக்கனந்தலில் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மலைக்கு பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"மாசம் தவறுனா ஃபோன் பண்ணுவியேம்மா. இந்தவாட்டி ஃபோன் வரலியா, சரி, இனிமே மாத்திரை வாணாம்னு வுட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினேன்."

"தப்பு என்மேலதான்க்கா. யார் வரலன்னு காட்டுறத நான் கம்ப்யூட்டர்லருந்து அழிச்சிட்டேன்."

"என் பேர அழிச்சிட்டியா?"

"பேர் இருக்குதுக்கா. ஞாபகப்படுத்துறதத்தான் அழிச்சிட்டேன்."

அவர் பொறுக்கிய கல்லை ஓரமாகப் போட்டார். "அது சொன்னாத்தான் உனுக்கு எங்க ஞாபகம் வருமா?"

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மீதிச் சாமையில் நானும் கல் பொறுக்கினேன்.

கை ஆற மூன்று மாதமானது. சுண்டுவிரல் மட்டும் நிமிரவில்லை. அந்த மேக்ரோவை மறுபடி கோப்பில் சேர்த்தாயிற்று. ஆனாலும் தினமும் காலையில் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை நானே படிக்கிறேன். அவர் மாதம் தவறாமல் வருகிறார். வந்ததும் வலது கையைத்தான் நீட்டுகிறார். அதில்தான் மாத்திரையை வைக்கிறேன்.