கையைத் தூக்கினாலும் கிழியாத ஜம்பர்

அந்தத் தையல் பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே நான் ஒரு ஈனக் காரியம் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு, நான் தைத்த ஜம்பரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தால் எனக்கே பொறுக்காது.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினேழு வயது. நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு தையல் பள்ளி இருந்தது. இரண்டு வருஷம் படித்து சர்ட்டிபிகேட் வாங்கினால் எங்காவது தையல் டீச்சர் வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் வயலும் கல்யாணமும்தான். தோவாளைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அம்மைதான் என்னைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற முறை.

பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பார்க்கிறேன், உள்ளே வராந்தாவில் பிள்ளைகளோடு நிற்கிற அம்மாமார் எல்லாரும் ஜம்பர் போட்டிருக்கிறார்கள். ஜம்பர் என்றால் ரவிக்கைதான், அந்நாளில் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மை அதைப் போட்டதே கிடையாது. அவள் குமரியாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் யாரும் போடவில்லை. சேலையை மாரோடு இறுக்கிச் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். அவள் வயசுப் பெண்கள் பலரும் அப்படித்தான். ஊருக்குள் ஒரு நாளும் அது என் கண்ணை உறுத்தியதில்லை. அந்தக் கேட்டு வாசலில்தான் உறுத்தியது.

"எம்மா, நீ அந்தப் பூவரசு மூட்டுல நில்லு. நான் போயிட்டு வாறேன்" என்றேன்.

அம்மை வராந்தாவைப் பார்த்தாள். பிறகு தன் தோளைப் பார்த்தாள். "சரி மக்கா, பைய வா" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்றாள். உள்ளே ஆபீசில், கையெழுத்துப் போட அம்மா வரவில்லையா என்று கேட்டார்கள். "அம்மைக்கு சுகமில்ல" என்று கூசாமல் சொன்னேன். என் நாக்கு அழுகிப்போகவில்லை, ஆச்சரியம்தான்.

அதற்குப் பிறகு அம்மை அந்தப் பள்ளிப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் அதை மறந்திருப்பாள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் எங்கள் டீச்சர் ஒரு புதுக் கூத்தை ஆரம்பித்தாள். சென்னைப் பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவள், எதையும் நேராகச் செய்யமாட்டாள். பாவாடை தை, சட்டை தை என்றால் தைத்துவிட்டுப் போவோம். அவளோ துண்டுக் காகிதங்களில் ஒவ்வொரு சொல்லாக எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள். எடுத்த சொல்லை உடுப்பாக்க வேண்டும். முதலில் நோட்டில் யோசனை, பிறகு படம், பிறகு காகிதத்தில் வெட்டு, பிறகு வெளுக்காத மலிவுக் கோராத் துணியில் ஒரு வெள்ளோட்டம், கடைசியில் நல்ல துணி. யாருக்காகத் தைத்தோமோ அந்த ஆள் கண்காட்சி அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். ஆள் வராவிட்டால் பாதி மார்க் போச்சு, பாதி போனால் சர்ட்டிபிகேட்டும் போச்சு.

ஒருத்திக்கு மழை வந்தது. ஒருத்திக்குப் பொறுமை. எங்களிலேயே சாதுவான பிள்ளைக்குக் கோபம் வந்து அவள் அழுதே விட்டாள். எனக்கு வந்தது சுகம். கொள்ளாமே, இது லேசு என்று நினைத்தேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். வெளிநாட்டுப் படப்புத்தகம் ஒன்று பள்ளியில் கிடந்தது. அதைப் பார்த்து உப்பலான கை, கழுத்தைச் சுற்றி லேஸ், முதுகுப்பக்கம் முத்துப் பொத்தான், இடுப்பில் ஒரு ரோசாப்பூ. டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இது யாருக்குச் சுகம்?" என்று கேட்டாள்.

நானும் படத்தை எட்டிப் பார்த்தேன். அந்த முத்துப் பொத்தானோடு ஒருத்தி நாற்காலியில் சாயக்கூட முடியாது, குத்தும்.

அம்மைக்குத் தைக்கலாம் என்று அப்போது தோன்றியது. பாசத்தில் தோன்றியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. கண்காட்சிக்கு எல்லார் வீட்டிலிருந்தும் வருவார்கள். அம்மை ஜம்பர் போட்டுக்கொண்டு வந்தால் எனக்குத் தலைகுனிவு இல்லை. சுகம் யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான்.

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்குட்டி ஜம்பரு? ஊரு சிரிக்கும்" என்றாள் அம்மை.

"நீ போடல்லன்னா நான் பாஸாவ மாட்டேன்."

அது போதும் அவளுக்கு. அளவெடுக்க வந்து நின்றாள். "கையத் தொங்கப் போட்டு நேரா நில்லும்மா" என்றேன். போட்டோ பிடிக்கிறதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மார்பு, தோள், கை, எல்லாம் சுத்தமாக அளந்தேன். கோராவில் தைத்து, அழகுக்காகக் கழுத்தில் லேஸும் வைத்து, முதுகில் பொத்தான் போட்டேன். அம்மை போட்டு நின்றபோது அச்சில் வார்த்ததுபோல இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

மாசி மாதம், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு இருந்தது கொஞ்ச வயல், அம்மையும் இறங்கி அறுத்தால்தான் வேலை முடியும். "பழக்கமாவட்டும், போட்டுட்டுப் போ" என்று நான்தான் அனுப்பினேன். முதுகுப் பொத்தானை அவளால் எட்டிப் போட முடியவில்லை, நான் போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குப் பள்ளி இல்லை. மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மை கட்டைத் தலைக்குத் தூக்கினாள். சர்ரென்று ஒரு சத்தம். இரண்டு கக்கமும் இடுப்பு வரைக்கும் கிழிந்துவிட்டது.

"ஏட்டி, ஒம் மவ தச்ச ஜம்பரு கக்கத்தால சிரிக்கில்லா!" என்றாள் பக்கத்தில் நின்றவள். வயலே சிரித்தது. அம்மையும் சிரித்துக்கொண்டே சேலையை இழுத்து மூடி, கட்டைச் சுமந்துகொண்டு களத்துக்குப் போனாள்.

சாயங்காலம் அவள் அதை அலசி மடித்து என் முன்னால் வைத்தாள். "தச்சதுல ஒண்ணும் கேடில்ல மக்கா. என் கையிதான் ஜம்பருக்கு லாயக்கில்ல போல" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. "ஒங் கையி நல்ல கையிதான், நீ சும்மா இரி!" என்று கத்திவிட்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகு அந்தக் கிழிசலை விரித்துப் பார்த்தேன். தையல் விடவில்லை, துணிதான் கிழிந்திருந்தது. பள்ளியில் நாங்கள் ஒருவரையொருவர் அளப்போம். எல்லாரும் நேராக நிற்போம், கை தொங்கும். நாங்கள் அதிகபட்சம் கையைத் தூக்குவது தலைவாரத்தான். அம்மையின் கை விடிந்தது முதல் தொங்குவதே கிடையாது. ஒன்று குனிந்து முன்னால் நீண்டிருக்கும், இல்லையென்றால் தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும். நான் அளந்தது அவள் ஒரு நாளும் நிற்காத நிலையை. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற அம்மையை நான் பார்த்ததே இல்லை என்று அப்போது பட்டது. அது சுகமான எண்ணமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனேன். அம்மை குனிந்தால் முதுகு எவ்வளவு நீளுகிறது, கட்டைத் தூக்கினால் இடுப்பிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு, எல்லாம் அளந்தேன். "சவத்த, அந்தக் கதிர்க்கட்டையும் சேத்து அளந்துக்கோ பிள்ளே, அதுக்கும் ஒரு பாவாடை தச்சிரலாம்" என்று அன்றைக்குச் சிரித்தவளே கிண்டல் செய்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நோட்டில் ரோசாப்பூ இருந்த பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன். சேற்றிலும் அரிவாளிலும் வெடித்துப்போன விரல் லேஸில் சிக்கிக்கொள்கிறது, ஆகவே லேஸ் வேண்டாம். பொத்தானை முன்னால் கொண்டுவந்தேன், சின்ன முத்துக்குப் பதில் விரலுக்கு அகப்படுகிற பெரிய பொத்தான். கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தேன், கை மேலே போனால் அது விரிந்துகொடுக்கும். வேர்வைக்கு மல் துணி, அதையும் இரண்டு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டினேன். மூன்று தடவை பிரித்துத் தைத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அம்மை போட்டு, குனிந்து, நிமிர்ந்து, கையைத் தூக்கிக் காட்டுவாள்.

மூன்றாவது தடவை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "இதுல ஒரு பை வச்சுத் தருவியா? வெத்தில வைக்கதுக்கு. அப்பாக்க சட்டையில உண்டும்லா."

அம்மை தனக்கென்று என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். உள்பக்கமாக, சேலை மறைக்கிற இடத்தில் வைத்தேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "ஜம்பருக்குப் பையா? பரீட்சைக்கு வர்றவங்க சிரிப்பாங்க" என்றாள். "சிரிச்சா சிரிக்கட்டும் டீச்சர். யாருக்குச் சுகம்னு நீங்கதானே கேட்டீங்க" என்றேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

பங்குனியில் கண்காட்சி. மேஜைகளை அடுக்க வேண்டியிருந்ததால் நான் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். "பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்திரணும். ஜம்பரப் போட்டுட்டு வா, கேட்டியா" என்று இரண்டு தரம் சொன்னேன். அம்மை தலையாட்டினாள்.

பத்து மணி ஆயிற்று. அம்மை வரவில்லை. மார்க் போட திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், ஒவ்வொரு தையலையும் நகத்தால் இழுத்துப் பார்ப்பார். மழை முடிந்தது, பொறுமை முடிந்தது. பதினொன்று ஆயிற்று. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள், என் இரண்டு வருஷத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டாள் என்று மனதுக்குள் அம்மையைத் திட்டித் தீர்த்தேன். கோபம் எடுத்த பிள்ளைகூட சிவப்புச் சட்டையைத் தங்கைக்குப் போட்டுக் காட்டிப் பாஸாகிவிட்டாள். பன்னிரண்டைத் தாண்டி ஒன்றும் அடிக்கப் போகிற நேரத்தில் கடைசியாக என் முறை வந்தது.

"ஆளு எங்கே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சிவிட்டு, ரோட்டில் வருகிறாளா என்று பார்க்கக் கேட்டுக்கு ஓடினேன்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம், பூவரசு மூட்டில், வெள்ளை ஜம்பர் போட்டுக்கொண்டு அம்மை நின்றுகொண்டிருந்தாள்.

"எம்மா! இங்க என்ன செய்யுக? எப்ப வந்த?"

"பத்துக்கு முன்னயே வந்தாச்சு மக்கா."

"உள்ள வரப்பிடாதா?"

"பள்ளிக்கு வான்னுதானே சொன்ன. அன்னைக்கு நிக்கச் சொன்ன எடம் இதாக்கும்லா" என்றாள்.

குத்திக்காட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் குத்தல் ஒரு துளியும் இல்லை. சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. ஒன்றையும் அவள் மறக்கவில்லை. மறந்ததாக நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக் கேட்டைத் தாண்டி, வராந்தாவில் நின்ற அத்தனை பேர் நடுவிலும் கூட்டிக்கொண்டு போனேன்.

மார்க் போடுகிற அம்மா கக்கத்துத் துண்டை இழுத்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். அம்மை சும்மா தூக்கத் தெரியாமல் மேஜைமேல் கிடந்த துணிக்கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு தையல்கூட விடவில்லை. பையைக் கண்டு, உள்ளே என்ன என்று கேட்டார். அம்மை வெற்றிலையை எடுத்து நீட்டியபோது அவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். நோட்டில் மார்க் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன், தேறுவதற்குப் போதுமான மார்க்.

நோட்டை மூடப்போனவர் முதல் பக்கத்தில் இருந்த சொல்லைப் பார்த்துவிட்டு, "அம்மைக்கு இது சுகமா இருக்கா?" என்று கேட்டார்.

"உடுப்பு சுகந்தான்" என்றாள் அம்மை. "நின்னு நின்னு காலுதான் கடுக்கு."

மூன்று மணி நேரம். வெயிலில் நடந்து வந்த களைப்போடு மூன்று மணி நேரம். நான் ஓடிப்போய் என் மிஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலை எடுத்துவந்து அவளுக்குப் பின்னால் போட்டேன். அம்மை அதைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள். உட்காரவில்லை. "இங்க நான் இரிக்கலாமா மக்கா?" என்று என் காதருகில் கேட்டாள்.

"இரிம்மா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவ எங்க அம்மையாக்கும்."