கை தூக்காத பிள்ளை

போன வாரம் எங்கள் கம்பெனியின் எச்.ஆர். தம்பி ஒரு காகிதத்தோடு என் மேஜை முன்னால் வந்து நின்றான். அங்கே குழந்தைகள் காப்பகத்துக்கு நான்தான் பொறுப்பு. காப்பகத்தின் ‘கொள்கைகளும் குறிக்கோள்களும்’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம், கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்ட வேண்டுமாம். மாதிரிக்கு எங்கிருந்தோ ஒன்றைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். முழுமையான வளர்ச்சி, பாதுகாப்பான சூழல், ஒவ்வொரு குழந்தையின் தனித்திறன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு குழந்தைகூட அழவில்லை, ஒன்றுக்குமே மூக்கு ஒழுகவில்லை. “இது வேண்டாம் தம்பி, நானே எழுதித் தர்றேன்” என்று ஐந்து நிமிஷத்தில் நான்கு வரி எழுதி நீட்டினேன்.

படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “மேடம், மூணாவது பாயிண்ட்ட மட்டும் எடுத்தறலாங்களா?”

“ஒரு எழுத்துக்கூட எடுக்க முடியாது.”

அந்த நான்கு வரியும் நான் யோசித்து எழுதியவை அல்ல. என் அம்மா எழுதியவை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பெட்டி மேல் நம்பர் போடுகிற மார்க்கரால் கொட்டை கொட்டையாக எழுதி ஆணியடித்து மாட்டினாள்.

அழுதால் முதலில் தூக்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும்.

வேண்டாம் என்றால் வாயில் திணிக்கக் கூடாது.

தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது, மேனேஜர் வந்தாலும்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்.

நான்காவது வரியை எழுதும்போது மட்டும் எனக்குக் கை கொஞ்சம் நின்றது. அந்த ஒரு வரியால் ஒரு வருஷம் முழுக்க, பகலெல்லாம் நான் அம்மா இல்லாத பிள்ளையாக இருந்தேன்.

அப்போது எனக்கு ஐந்து வயது. வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாயப் பட்டறையில் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை விரித்து ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆகவே பகலில் என்னைப் பார்த்துக்கொண்டவர், குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பா. ஒருநாள் நான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய் மினி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு, “அப்பா தூங்கறாருங்க, எந்திரிச்சதும் வாங்கிக்குவாருங்க” என்றேனாம். நல்ல மனுஷர், திரும்பி வரும் ட்ரிப்பில் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். லைன் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். கம்பெனியில் பெயருக்கு ஒரு காப்பகம் உண்டு. வெளியே போர்டு, கதவில் பூட்டு, உள்ளே கூரை வரைக்கும் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை. “ரூமக் காலி பண்ணிக் குடுங்க சார். எல்லாத்துப் புள்ளைகளையும் நான் பாத்துக்கறேன். எம்பட புள்ளையும் அங்கயே இருக்கட்டும்” என்றிருக்கிறாள். மேனேஜர் கெட்டவர் அல்ல. யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “செய்யுங்கம்மணி. ஆனா உங்க புள்ளைய ஒரு மாதிரி, அடுத்த புள்ளைகள ஒரு மாதிரி பாக்கறீங்கன்னு ஒரு பேச்சு எங்காதுக்கு வந்துச்சுன்னா, அன்னைக்கே உங்க புள்ள ஊட்டுக்குப் போயிரோணும்.”

இதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து, அதே கம்பெனியில் வேலை பார்த்த சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது காப்பகத்தின் வாசற்படி ஒன்றுதான். தினமும் காலையில் அந்தப் படிக்கு முன்னால் அம்மா குத்தவைத்து உட்கார்ந்து என் ரிப்பனை இறுக்குவாள். “இந்தப் படி தாண்டுனா நான் டீச்சர். சாயந்தரம் படி தாண்டி வெளிய வந்தா அம்மா. செரியா கண்ணு?” நான் தலையாட்டுவேன். படி தாண்டுவேன். அவ்வளவுதான், அம்மா போச்சு.

எல்லாருக்கும் அவள் டீச்சர் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மற்ற எட்டுப் பிள்ளைகளும் அவளை அம்மா என்றல்லவா கூப்பிட்டார்கள்! பேசப் பழகுகிற வயசு, யார் தூக்குகிறாளோ அவள் அம்மா. “அதுகளையும் டீச்சர்னு சொல்லச் சொல்லு” என்று வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டேன். “சின்னதுக, வாயில வாரதச் சொல்லுதுக. நீ பெரிய புள்ளையல்ல?” என்றாள். பெரிய பிள்ளை! ஐந்து வயது! ஊரான் பிள்ளையெல்லாம் அம்மா என்கிறது. பெற்ற பிள்ளை நான் கையைத் தூக்கிக்கொண்டு, “டீச்சர், ஒண்ணுக்குப் போகோணுமுங்க” என்று நிற்கிறேன். ஒன்றுக்கு வந்தால் கை தூக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மற்றபடி அந்த அறையைக் குறை சொல்ல முடியாது. கட்டிங் வேஸ்ட் அடைத்த மெத்தையில் எத்தனை தடவை குதித்தாலும் அடிபடாது. காலி நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் உயரத்துக்கு வரும், தட்டிவிட்டால் அறை முழுக்க உருளும். அம்மா பாட மாட்டாள், கதை சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்பது பேரில் யாருக்குச் சாதத்தில் தயிர் ஆகாது, யாருக்கு மின்விசிறிச் சத்தம் பயம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

எல்லாரிலும் எனக்கு ஆகாதவன் முன்னா. பீகாரிலிருந்து வந்த பையன், மூன்று வயது, அவன் அம்மா பேக்கிங்கில் இருந்தாள். அவனுக்குத் தமிழ் வராது. ‘மா’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டிவிடுவான். மத்தியானம் அம்மாவின் முந்தானை நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டால்தான் துரைக்குத் தூக்கம் வரும். அந்த நுனி என்னுடையது. அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்னுடையது. ஒருநாள் அவன் அதைப் பொத்திக்கொண்டு கண்ணைச் சொருகி ‘மா’ என்றபோது, பக்கத்தில் போய் அவன் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.

வீல் என்று கத்தினான். அம்மா அவனைத் தூக்கினாள். சட்டம் அதுதானே. நானும் சட்டம் தெரிந்தவள், உடனே அவனைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இன்னொரு இடுப்பில் என்னையும் தூக்கிக்கொண்டாள். இருவர் மூக்கும் அவள் தோளில் ஒழுகி முடிந்த பிறகுதான், “இப்பச் சொல்லுங்க, என்னாச்சு?” என்று டீச்சர் குரலில் கேட்டாள். நான்தான் கடித்தேன் என்று ஒப்புக்கொண்டு, அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. என் கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி அவன் கையில் தடவச் சொன்னாள். சாயந்தரம் முன்னாவின் அம்மா வந்ததும், அவளிடம் பல் பதிந்த இடத்தையும் என் பல்லையும் மாறி மாறிக் காட்டி அம்மாவே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பார்த்தாள், சிரித்தாள், தன் கையை மடித்து முன்னா கடித்த தழும்பை எங்களுக்குக் காட்டினாள். அவர்கள் வரைக்கும் விஷயம் முடிந்துபோயிற்று.

ஆனால் கம்பெனியில் விஷயம் முடிந்துபோக யார் விடுவார்கள்? டீச்சர் மகள் கடிக்கிறாளாம், டீச்சர் அவளை இடுப்பில் வைத்துக் கொஞ்சுகிறாளாம் என்று தையல் பக்கத்திலிருந்து யாரோ மேனேஜரிடம் போய் ஓதிவிட்டார்கள். மேனேஜர் காப்பக வாசலுக்கே வந்துவிட்டார். “ஏனுங்கம்மணி, நாஞ்சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா? வியாழக்கெழம ஆடிட்டு. வார அம்மா ரிஜிஸ்டரப் பாப்பாங்க. உங்க புள்ள பேரும் அதுல இருக்குது. அவங்க ஒரு கொறை சொன்னாலும் உங்க புள்ளைய நான் இங்க வெச்சுக்க முடியாதுங்க.” வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அதுதான் ஆடிட்.

அன்று சாயந்தரம் சித்தி வீட்டுக்கு வந்து யோசனை சொன்னாள். “பேசாம அன்னைக்கு ஒரு நாள் இவள ஊட்டுல உட்டுட்டு வந்துரு அக்கா.”

அம்மாவுக்கு மூக்கு விடைத்தது. “ஒளிச்சு வெக்கறதுக்கு எம்பட புள்ள என்ன திருட்டுச் சாமானா? வரட்டும், பாக்கட்டும், கேக்கட்டும். நான் ஒரு ஓரவஞ்சனையும் பண்ணல.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு விளங்கியது ஒன்றுதான். என்னைப் பார்ப்பதற்கென்றே யாரோ வருகிறார்கள். புது ரிப்பன் வேண்டும் என்று அப்போதே அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆடிட்டர் ஒரு வடக்கத்தி அம்மா, கழுத்தில் அட்டை தொங்கியது. அவர் இங்கிலீஷில் சொல்வதை எச்.ஆர். அக்கா ஒருத்தி தமிழில் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று ஆடிட்டர் கேட்டார். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். ‘மேனேஜர் வந்தாலும்’ என்ற இடத்தில் அவள் குரல் உள்ளே போய்விட்டது. அந்த நேரம் தொட்டிலில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்க, மேனேஜர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றிருந்தார்.

பிறகு ஆடிட்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. டீச்சரின் சொந்தப் பிள்ளையும் இங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா, ஆமாங்க என்றாள். ஆடிட்டர் அம்மாவிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, எச்.ஆர். அக்கா காதில் ஏதோ சொன்னார். அக்கா குனிந்து, “பாப்பாக்களா, டீச்சரோட பாப்பா யாரு? கை தூக்குங்க பாக்கலாம்!” என்றாள்.

தொட்டிலில் இருந்ததைத் தவிர அத்தனையும் கை தூக்கின. ஏழு பிள்ளைகள், எட்டுக் கை. முன்னா இரண்டையும் தூக்கியிருந்தான். இன்று நினைத்தால், பாதிப் பேருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. ஒன்று தூக்கினால் எல்லாம் தூக்குகிற வயசு. ஒன்றிரண்டுக்கு நிஜமாகவே ஒன்றுக்கு வந்திருக்கலாம். ஆனால் முன்னா அதோடு நிற்கவில்லை. எழுந்து ஓடிப்போய் அந்த முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, ‘மா’ என்று சொல்லி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

என் கையும் தோள் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் படி ஞாபகம் வந்தது. நான் இருப்பது படிக்கு உள்ளே. உள்ளே அவள் டீச்சர். டீச்சருக்கு நான் எப்படிப் பாப்பா ஆவேன்? இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஆடிட்டர் என் முன்னால் வந்து குனிந்தார். “நீ டீச்சர் பாப்பா இல்லையா?” என்றாள் அக்கா.

“இல்லீங்க.”

“அப்ப உங்கம்மா எங்கே?”

வாசலைக் காட்டினேன். “வெளிய இருப்பாங்க. சாயந்தரந்தான் வருவாங்க.”

ஆடிட்டர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். எந்தப் பிள்ளை என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் போலிருக்கிறது. மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இவதானுங்க மேடம், அவங்க சொந்தப் புள்ள” என்றார். அக்கா அதை இங்கிலீஷில் சொன்னாள். ஆடிட்டரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். பிறகு ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு வெளியே போனார். மேனேஜர் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினார். “உங்க புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க அம்மணி” என்று சொல்லி, என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டு, நுனிக்காலிலேயே நடந்து போனார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏழு பேர் தப்பாகச் சொன்ன கேள்விக்கு நான் ஒருத்திதான் சரியாகச் சொன்னேன். பரிசு பிஸ்கட் எனக்குத்தான் கிடைத்தது. அம்மா என்னை மெச்சப்போகிறாள் என்று சாயந்தரம் வரைக்கும் காத்திருந்தேன். சங்கு ஊதியது. ஒவ்வொரு பிள்ளையாக அதனதன் அம்மாவோடு போயிற்று. கடைசியாக அம்மா படி தாண்டி வெளியே வந்து, பூட்டைப் பூட்டினாள். “அம்மா!” என்றேன், வழக்கம்போல், பகல் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து.

கம்பெனி கேட்டைத் தாண்டினோம். வேப்பமரத்தடியில் அம்மா சட்டென்று என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ரிப்பனை இறுக்கத்தான் உட்கார்கிறாள் என்று தலையைக் காட்டினேன். “சாயந்தரந்தான் வருவாங்கன்னியா கண்ணு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, போகிற வருகிற லேபர் வண்டியெல்லாம் பார்க்க, அம்மா ஓவென்று அழுதாள்.

எனக்குச் சட்டம் தெரியும். அழுதால் முதலில் தூக்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். அம்மாவைத் தூக்க எனக்கு வலுவில்லை. ஆகவே கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் மூக்கு என் தோளில் ஒழுகியது. கேட்க வேண்டிய பாதியை நான் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே! எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கியபோது நான் ஒருத்தி தூக்கவில்லை, அதற்குத்தான் அழுகிறாள்.

தப்பைத் திருத்திக்கொள்ளத் தெரியாதவளா நான்? மறுநாள் காலையில் படி தாண்டி உள்ளே போனதும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் வலது கையை நேராக, விறைப்பாக மேலே தூக்கினேன். முன்னா தூக்கியது ஞாபகம் வந்து, இடது கையையும் தூக்கினேன்.

தொட்டிலைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். “என்ன கண்ணு, ஒண்ணுக்குப் போகோணுமா?”

“இல்லீங்க டீச்சர்” என்றேன். கையை மட்டும் இறக்கவில்லை.